முதல் டிராவல் டிரெய்லர் வாங்கியவர்களுக்கு: எடையையும் தண்ணீரையும் முதலில் பழகுங்கள்

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு, வாங்கியவுடன் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, ரிவர்ஸ் எப்படி எடுப்பது என்பதுதான். அது பழக வேண்டிய விஷயம்தான், கீழே சொல்கிறேன். ஆனால் புதிதாக வாங்கியவருக்குப் பெரிய ஆபத்து வருவது எடையால், பெரிய செலவு வருவது தண்ணீரால். இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் இரண்டு மூன்று பயணங்களில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதனால் திரைச்சீலை, மடக்கு நாற்காலி, அலங்கார விளக்கு எல்லாவற்றையும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

நான் எழுதுவது வட அமெரிக்க வகை டிரெய்லரை மனதில் வைத்து, அதாவது டிரக்கின் அல்லது பெரிய எஸ்யூவியின் பின்புறம் இருக்கும் இரும்புப் பந்தில் மாட்டி இழுக்கும் வகை. ஐரோப்பியக் கேரவன்களுக்குச் சில கணக்குகள் மாறும், அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எடைக் கணக்கு

விற்பனை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது டிரை வெயிட், அதாவது காலி டிரெய்லரின் எடை. அதை மறந்துவிடுங்கள். தண்ணீர், பாத்திரம், படுக்கை, கருவிகள் எதுவும் இல்லாமல் யாரும் பயணம் போவதில்லை, சில நேரம் பேட்டரியும் கேஸும்கூட அந்தக் கணக்கில் இருக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது டிரெய்லரின் வெளிச்சுவரில் முன்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள ஜி.வி.டபிள்யூ.ஆர். எண். டிரெய்லர் தன் சுமையோடு சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு கனக்கலாம் என்பதை அது சொல்கிறது. எல்லாக் கணக்கையும் அந்த எண்ணை வைத்தே போடுங்கள்.

அடுத்தது இழுக்கும் வண்டி. "இந்த டிரக் 3,500 கிலோ இழுக்கும்" என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்காது, ஆனால் பாதிக் கதைதான். பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் இல்லை, பேலோடு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். டிரெய்லரின் மூக்கு டிரக்கின் மேல் அழுத்தும் எடையும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

அந்த அழுத்தத்தை டங் வெயிட் என்பார்கள். வட அமெரிக்க டிரெய்லர்களில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கேரவன்களில் இதைவிடக் குறைவு, அங்கே தயாரிப்பாளர் கொடுத்த வரம்புதான் கணக்கு. இப்போது ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். டிரெய்லர் நிறைய ஏற்றி 3,000 கிலோ, டங் வெயிட் 370 கிலோ என்று வையுங்கள். டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச் கருவி மட்டும் 40 கிலோ. குடும்பத்தில் நால்வர் சேர்ந்து 260 கிலோ. மொத்தம் 670 கிலோ ஆகிவிட்டது, டிரக்கின் பேலோடு 650 கிலோ. இழுவைத் திறனில் 500 கிலோ மிச்சம் இருந்தும் இந்த ஜோடி பொருந்தவில்லை, அதுவும் டிரக்கின் பின்னால் ஒரு பெட்டிகூட வைப்பதற்கு முன்பே. டிரெய்லர் இன்னும் வாங்கவில்லை என்றால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

காகிதக் கணக்கோடு நிறுத்தாமல் ஒரு முறை எடைமேடைக்குப் போங்கள். லாரிகள் எடை போடும் இடத்தில் கார் டிரெய்லரையும் போடுவார்கள். வழக்கமாக எடுத்துச் செல்லும் அத்தனையையும் ஏற்றி, எடை பகிர்வு ஹிட்ச் இருந்தால் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) அதன் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டிரக்கின் சக்கரங்கள் மேல் எவ்வளவு, டிரெய்லரின் சக்கரங்கள் மேல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ஆட்களோடும் சாமான்களோடும் டிரக்கை மட்டும் எடை போடுங்கள். மாட்டியிருந்தபோது டிரக்கில் கூடுதலாகக் காட்டியதுதான் உங்கள் உண்மையான டங் வெயிட். அதனோடு டிரெய்லர் சக்கரங்களின் எடையைக் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை. இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் பிறகு யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மூக்கில் எடை குறைந்த டிரெய்லர் ஆடும். முதலில் லேசாக இடவலமாக வாலாட்டும், வேகம் கூடினால் அந்த ஆட்டம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு டிரக்கையும் சேர்த்துத் தூக்கிப் போடும். ஆட ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை அழுத்த வேண்டும் என்றுதான் கால் துடிக்கும், அதைச் செய்யாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுங்கள், டிரக்கில் இருந்தபடி டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவியான பிரேக் கன்ட்ரோலரில் கையால் இயக்கும் நெம்புகோலைத் தொட்டு டிரெய்லர் பிரேக்கை மட்டும் கொடுங்கள். டிரெய்லர் பின்னால் இருந்து இழுபட்டு நேராகும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாமல் கை போக வேண்டும், அதனால் வண்டி நிற்கும்போதே சில தடவை தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் வராமல் பார்ப்பது சாமான் ஏற்றுவதில் இருக்கிறது. கனமானவை தரையோடு, அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ இருக்கட்டும், மொத்தச் சுமையில் ஏறக்குறைய 60 சதவீதம் அச்சுக்கு முன்பக்கம் வருகிற மாதிரி. பின் பம்பரில் சைக்கிள்களையும் ஜெனரேட்டரையும் கட்டுவது நிறையப் பேர் செய்வது, ஆனால் பல டிரெய்லர்களில் அந்த பம்பர் கழிவுநீர்க் குழாயை வைக்க மட்டும் செய்த மெல்லிய தகடு, அதோடு அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் மூக்கைத் தூக்கிவிடும். உங்கள் நல்ல தண்ணீர் டேங்க் அச்சுக்கு முன்னா பின்னா என்பதையும் பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, 150 லிட்டர் டேங்க் பின்பக்கம் இருந்தால் அதை நிரப்பியவுடன் டங் வெயிட் இறங்கிவிடும். போகும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் வழிக்கு வேண்டியதை மட்டும் நிரப்பிக்கொண்டு போங்கள்.

எடை பகிர்வு ஹிட்ச் வேண்டுமா என்று கேட்பார்கள். டிரக்கின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களின் பிடி குறைகிறது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்தப் பிடியை நம்பித்தான் இருக்கின்றன. இந்த ஹிட்ச்சின் இரும்புக் கம்பிகள் அந்தச் சுமையில் ஒரு பங்கை முன் அச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும், ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதி சேர்ந்தே வருவதும் உண்டு. நடுத்தர அளவுக்கு மேல் உள்ள டிரெய்லருக்கு என் பதில், வேண்டும். ஆனால் அது பேலோடைக் கூட்டித் தராது, தப்பாக ஏற்றிய சுமையையும் சரிசெய்யாது.

டயர்

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு ஆரம்பிக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் தடம் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. பழைய டிரெய்லர் வாங்குபவர்கள் விலை பேசும்போதே இதைப் பாருங்கள், உதிரிச் சக்கரத்தையும் சேர்த்து.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் கிளம்பும் முன், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும், வெடித்த டயரின் கிழிசல் சக்கரத்தின் மேல் உள்ள தரையையும் குழாய்களையும் அடித்துக் கிழித்துவிடும். பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர்தான். சாலையில் அதற்கு மேல் அனுமதி இருந்தாலும் டயருக்கு அனுமதி இல்லை. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு, புது டிரெய்லராக இருந்தாலும், முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவையாவது நிறுத்தி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) நட்டுகளைச் சரிபாருங்கள், அவை தளர்வது வழக்கம். வருடத்துக்கு ஒரு முறை சக்கர பேரிங்குக்கு கிரீஸ் பார்க்க வேண்டும்.

மாட்டுவது

இதை எப்போதும் ஒரே வரிசையில் செய்யுங்கள், செய்யும்போது யாரோடும் பேச்சுக் கொடுக்காதீர்கள். பக்கத்து டிரெய்லர்காரர் பேச வந்தால் முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் தப்பே இல்லை.

முதலில் பந்தின் அளவு. பந்தின் தலையிலும், பந்தின் மேல் உட்காரும் டிரெய்லர் மூக்கின் பிடியான கப்ளரின் மேலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலப் பந்தில் 2 5/16 அங்குலக் கப்ளர் பார்வைக்கு உட்கார்ந்துவிடும், மேடு பள்ளத்தில் கழன்று வந்துவிடும். டிரக்கைப் பின்னால் கொண்டுவந்து, மூக்கு ஜாக்கை இறக்கி, கப்ளர் பந்தின் மேல் முழுதாக இறங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டு அதன் துளையில் பின்னைச் செருகுங்கள். இப்போது ஒரு சோதனை: ஜாக்கை மறுபடி மேலே ஏற்றுங்கள். டிரெய்லரோடு சேர்ந்து டிரக்கின் பின்பக்கமும் தூக்கினால் பிடித்திருக்கிறது. டிரக் அப்படியே நிற்க டிரெய்லர் மட்டும் எழுந்தால் தாழ்ப்பாள் பந்தைப் பிடிக்கவே இல்லை. அரை நிமிட வேலை, ஒரு தடவைகூட விடாதீர்கள்.

பிறகு பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். அடுத்து பிரேக்அவே கம்பி. டிரெய்லர் முழுதாகப் பிரிந்துபோனால் அந்தக் கம்பி ஒரு பின்னை உருவி டிரெய்லர் பிரேக்கைத் தானாகப் போட வைக்கும், அந்த பிரேக்குக்கு மின்சாரம் டிரெய்லர் பேட்டரியில் இருந்து வருகிறது. எனவே பேட்டரி செத்த டிரெய்லரை இழுக்கக் கூடாது. கம்பியைச் சங்கிலியின் கொக்கியில் மாட்டாமல் டிரக்கோடு நிலையாக இணைந்த இடத்தில் தனியாக மாட்டுங்கள். கடைசியாக 7 பின் பிளக். விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாவற்றையும் ஒருவரை பின்னால் நிற்க வைத்துப் பாருங்கள்.

கிளம்பும் முன் டிரெய்லரை ஒரு சுற்று நடந்து வாருங்கள். படி மடங்கியிருக்கிறதா, கூரை ஜன்னல்கள் மூடியிருக்கின்றனவா, ஆன்டெனா இறங்கியிருக்கிறதா, ஃபிரிட்ஜ் கதவு பூட்டியிருக்கிறதா, கேஸ் மூடியிருக்கிறதா, ஜாக்குகள் முழுதாக ஏறியிருக்கின்றனவா, சக்கரக் கட்டைகளை எடுத்தாயிற்றா. ஒரு காகிதத்தில் எழுதி லேமினேட் செய்து கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். எத்தனை வருடம் ஓட்டியவரும் பட்டியலைப் பார்த்தே செய்கிறார்.

பிரேக் கன்ட்ரோலரின் அளவை வைக்க, ஆள் இல்லாத சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் அந்தக் கை நெம்புகோலை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் உங்களைப் பின்னால் பிடித்து இழுப்பதை உணர வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. பூட்டினால் அளவைக் குறையுங்கள், இழுப்பே தெரியாவிட்டால் கூட்டுங்கள். சுமை மாறும்போதெல்லாம் இந்த அளவும் மாறும்.

ஓட்டுவதும் ரிவர்ஸும்

உங்கள் டிரெய்லரின் உயரத்தை, கூரை ஏசியின் உச்சி வரை, அளந்து டிரக்கின் டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் வருவது சாதாரணம், பெட்ரோல் நிலையக் கூரையும் தாழ்ந்த பாலமும் மரக்கிளையும் அதற்குக் காத்திருக்காது. திருப்பங்களில் டிரெய்லர் சக்கரம் டிரக்கின் தடத்துக்கு உள்ளே வெட்டிப் போகும், அதனால் முனையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் முன்னே போய்விட்டுத் திருப்புங்கள். டிரெய்லரின் வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பதும் நினைவில் இருக்கட்டும், குறிப்பாகப் பெட்ரோல் பம்ப்பை ஒட்டி நின்றுவிட்டுக் கிளம்பும்போது. முன் வண்டியோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள், இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்துவிடுங்கள்.

ரிவர்ஸுக்கு ஒரு எளிய வழி: ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில், ஆறு மணி இருக்கும் இடத்தில், ஒரு கையை வையுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், அவ்வளவுதான். நகர்த்துவது கொஞ்சமாக இருக்கட்டும், வேகம் நடப்பதைவிடக் குறைவாக இருக்கட்டும். டிரெய்லர் திரும்ப ஆரம்பித்தவுடன் கையைத் திருப்பி அதைப் பின்தொடர வேண்டும், இல்லாவிட்டால் டிரக்கும் டிரெய்லரும் மடங்கிக்கொள்ளும். கோணம் கூர்மையாகிறது என்று தோன்றினால் சரிக்கட்டப் பார்க்காமல் முன்னே இழுத்து நேராக்கி மறுபடி ஆரம்பியுங்கள். எத்தனை முறை முன்னே இழுத்தாலும் செலவு இல்லை, ஒரு தடவை மரத்தில் உரசினால் உண்டு. சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள்.

உதவிக்கு நிற்பவர் உங்கள் பக்கவாட்டுக் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும், அவர் தெரியாத நொடியில் வண்டி நிற்க வேண்டும். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்துவதில் குழப்பம்தான் மிச்சம், கைபேசியில் பேசிக்கொண்டு "ஓட்டுநர் பக்கம்", "பயணி பக்கம்", "நிறுத்து" என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு முன் ஒரு காலியான பெரிய வாகன நிறுத்தத்தில் பிளாஸ்டிக் கூம்புகள் வைத்து ஒரு காலை நேரம் முழுக்கப் பழகுங்கள், கணவன் மனைவி இருவருமே.

இடத்துக்குப் போனதும்

வண்டியை உள்ளே விடும் முன் இறங்கி நடந்து இடத்தைப் பாருங்கள்: மின்கம்பம் (டிரெய்லருக்கு மின்சாரம் எடுக்கும் பிளக் உள்ள கம்பம்) எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, மேலே கிளை இருக்கிறதா. டிரெய்லரை நிறுத்தியபின் முதலில் இடம் வலம் மட்டம் பார்க்க வேண்டும், அது டிரக் மாட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகையோ பிளாஸ்டிக் கட்டையோ வைத்து அதன் மேல் ஏற்றி. பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள், அதன் பிறகே கழற்றுங்கள். கழற்றியபின் முன் பின் மட்டத்தை மூக்கு ஜாக்கால் சரிசெய்யலாம். நான்கு மூலையிலும் உள்ள ஸ்டெபிலைசர் ஜாக்குகளைக் கடைசியில் இறக்குங்கள், அவை ஆட்டத்தைக் குறைக்கத்தான் இருக்கின்றன, டிரெய்லரைத் தூக்க அல்ல. அவற்றால் தூக்கினால் அடிச்சட்டம் வளையும், கதவு மூடாது. மட்டம் சும்மா தூங்கும் வசதிக்காக இல்லை, கேஸில் ஓடும் உறிஞ்சு வகை ஃபிரிட்ஜ் சாய்வாக நின்று ஓடினால் நாளடைவில் கெட்டுப்போகும்.

மின்சாரம் மாட்டும் முன் கம்பத்தின் பிரேக்கரை அணைத்துவிட்டு, சர்ஜ் பாதுகாப்புக் கருவியை அதில் செருகி, பிரேக்கரைப் போட்டு, அது சரி என்று காட்டிய பிறகு பிரேக்கரை மறுபடி அணைத்து டிரெய்லர் கேபிளை மாட்டி, பிரேக்கரைப் போடுங்கள். 30 ஆம்ப், 120 வோல்ட் இணைப்பில் உங்களுக்கு மொத்தம் 3,600 வாட்தான். ஏசிக்கு ஏறக்குறைய 1,500, தண்ணீர் சூடாக்கியின் மின்சாரச் சூடேற்றுக் கம்பிக்கு ஏறக்குறைய 1,400, அதற்கு மேல் மைக்ரோவேவை அமுக்கினால் பிரேக்கர் விழும். வெந்நீரை கேஸுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வீட்டுச் சுவரில் உள்ள 15 ஆம்ப் பிளக்கில் அடாப்டர் போட்டு விளக்கும் பேட்டரி சார்ஜும் பார்க்கலாம், ஏசி போடாதீர்கள், ஒயர் சூடேறும்.

கம்பம் இல்லாத இடத்தில் பேட்டரிதான். அங்கே விளக்கு, பம்ப், அறையைச் சூடாக்கும் ஹீட்டரின் விசிறி ஓடும், இன்வெர்ட்டர் இல்லாமல் சுவர் பிளக்குகள் ஓடாது. சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும், 100 ஆம்ப் மணி என்று எழுதியிருந்தால் 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் இரவில் அதிகம் குடிப்பது ஹீட்டர் விசிறி.

கேஸ் சிலிண்டரின் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் கசிவு என்று நினைத்து பாதுகாப்பு அடைப்பு பாதி மூடிக்கொள்ளும், அடுப்பு சோர்ந்து எரியும். அப்படியானால் மூடி, சற்றுப் பொறுத்து, நிதானமாகத் திறங்கள். புரோபேன் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், அதனால்தான் கேஸ் அலாரம் கால் அருகே இருக்கிறது. அந்த அலாரத்துக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, பின்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவது உயிரை எடுக்கும் பழக்கம், ஒரு இரவுகூடச் செய்யாதீர்கள்.

தண்ணீர்: உள்ளே வருவது

குழாயில் நேராக ஹோஸை மாட்டாதீர்கள். சில முகாம்களில் அழுத்தம் மிக அதிகம், டிரெய்லரின் பிளாஸ்டிக் இணைப்புகள் சுவருக்குள் பிரிந்துகொள்ளும், நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில். அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதாவது ரெகுலேட்டரை, குழாய்ப் பக்கம் மாட்டி அதன் பிறகு ஹோஸ். ஹோஸ் குடிநீருக்கென்று விற்பதாக இருக்க வேண்டும், தோட்டத்து ஹோஸ் வேண்டாம்.

புதிதோ பழையதோ, முதல் வேலை டேங்கைச் சுத்திகரிப்பது. சூடாக்கியை பைபாஸ் செய்துவிட்டு, அதாவது தண்ணீர் அதற்குள் போகாதபடி வால்வைத் திருப்பிவிட்டு, வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் எடுத்து, ஏறக்குறைய 57 லிட்டர் டேங்குக்கு கால் கப் கணக்கில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாசம் வரும் வரை பம்ப்பை ஓட்டி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் காலி செய்து வாசம் போகும் வரை அலசுங்கள்.

சூடாக்கியில் தண்ணீர் இல்லாமல் அதைப் போடக் கூடாது. மின்சாரச் சூடேற்றுக் கம்பி சில நொடிகளில் எரிந்துபோகும். பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, சமையல் தொட்டியின் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், முதலில் காற்று துப்பும், தண்ணீர் சீராக வர ஆரம்பித்தால் நிரம்பிவிட்டது, அப்புறம் சுவிட்சைத் தொடலாம்.

தண்ணீர்: வெளியே போவது

இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். குளியல், கை கழுவும் தண்ணீர் போவது சாம்பல் டேங்க், கழிப்பறையினுடையது கறுப்பு டேங்க். கறுப்பு டேங்க் விஷயத்தில் புதியவர்கள் கேட்கும் அத்தனை கேள்விக்கும் பதில் ஒன்றுதான், தண்ணீர் தாராளமாக விடுங்கள். கழிவுநீர் இணைப்பு பக்கத்திலேயே இருக்கிறதே என்று வால்வைத் திறந்துவிட்டு விட்டால் நீர் ஓடிவிடும், திடக்கழிவு அங்கேயே காய்ந்து மேடாகிக் கல்லாகும். வால்வை எப்போதும் மூடியே வையுங்கள், காலி செய்ததும் சில லிட்டர் தண்ணீர் ஊற்றி ஆரம்பியுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபின் திறங்கள். எளிதில் கரையும் தாள் மட்டும், ஈரத் துடைப்பான்கள் எதுவும் உள்ளே போகக் கூடாது, "ஃபிளஷ் செய்யலாம்" என்று அட்டையில் எழுதியிருந்தாலும்.

காலி செய்யும்போது கையுறை போடுங்கள், முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். குழாயின் இணைப்பில் ஒளி ஊடுருவும் முழங்கை வடிவக் குழாய்த் துண்டு ஒன்று வாங்கிப் போடுங்கள், தெளிந்த தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். அலசும் ஹோஸும் குடிநீர் ஹோஸும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது, நிறமும் வேறாக இருக்கட்டும்.

தண்ணீர்: வரக் கூடாத இடத்தில் வருவது

டிரெய்லரைக் கொல்வது இதுதான். கூரையில் ஒவ்வொரு காற்றுத் துளை, ஏசி, ஆன்டெனா, ஓரப்பட்டையைச் சுற்றியும் சீலன்ட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை, பூசியிருக்கும். அது வெயிலில் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டால் போதும், தண்ணீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தை ஊறவைக்கும், உங்களுக்குத் தெரிய வரும்போது சுவர் இற்றுப்போயிருக்கும். பல தயாரிப்பாளர்கள் சீலன்ட்டைத் தவறாமல் பார்த்து வரவேண்டும் என்பதை உத்தரவாத நிபந்தனையாகவே போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏணி போட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் உங்கள் கூரைப் பொருளுக்கு ஏற்ற சீலன்ட்டைத் தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்து வாங்குங்கள். வீட்டு சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது.

பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறவர்கள் சமையலறையின் பளபளப்பை விட்டுவிட்டு மேல் அலமாரிகளின் உள்மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தை தூக்கி அடியில், ஜன்னலின் கீழ் மூலைகளில், கதவு அருகே தரையில். மெத்தென்று அமுங்கினால், வால்பேப்பர் அலையலையாக இருந்தால், வெளிச்சுவர் வெயிலில் பக்கவாட்டில் பார்க்கும்போது குமிழ் விட்டிருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வந்துவிடுங்கள். புதிது வாங்கினாலும் சாவி வாங்கும் முன் தண்ணீர், கேஸ், மின்சாரம் மூன்றையும் உங்கள் கண் முன்னால் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், கையெழுத்து அதற்குப் பிறகு.

உறைபனி வரும் இடமானால் குளிர்காலத்துக்கு முன் எல்லா டேங்கையும், சூடாக்கியையும் காலி செய்து, சூடாக்கியை பைபாஸில் விட்டு, டிரெய்லருக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃபிரீஸைக் குழாய்கள் வழியே ஓட்ட வேண்டும். கழிப்பறையையும் வெளி ஷவரையும் மறக்காதீர்கள், தொட்டி, குளியலறை வடிகால்களிலும் ஒரு கப் ஊற்றுங்கள். காருக்குப் போடும் ஆன்டிஃபிரீஸ் விஷம், அது கிட்டவே வரக் கூடாது.

முதல் பயணம்

முதல் இரவை வீட்டு வாசலிலேயே போடுங்கள். அங்கே சமைத்து, குளித்து, தூங்கி எழுந்தால் என்ன இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு மணி நேரத் தூரத்தில், மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள இடம், இரண்டு இரவு, நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடமாக முன்பதிவு செய்யுங்கள். பகல் வெளிச்சம் நிறைய இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மூன்று வாரச் சுற்றுப்பயணத்தை முதல் பயணமாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, புது டிரெய்லரிலும் ஒரு கசியும் இணைப்போ வேலை செய்யாத சுவிட்சோ இருக்கத்தான் செய்யும், அதை வீட்டுக்குப் பக்கத்தில் கண்டுபிடிப்பதே மேல்.

அதற்கு முன் வாங்க வேண்டியது சொற்பம்: சக்கரக் கட்டைகள், மட்டக் கட்டைகள், குடிநீர் ஹோஸ், ரெகுலேட்டர், கழிவுநீர்க் குழாயும் கையுறையும், சர்ஜ் பாதுகாப்புக் கருவி, டயர் காற்றுமானி, டார்க் ரெஞ்ச், ஒரு சின்னக் கருவிப் பெட்டி. டிரக்கோடு வந்த ஜாக் டிரெய்லருக்குப் பொருந்தாமல் போகலாம், உதிரிச் சக்கரம் மாற்ற எதனால் தூக்குவது, சட்டத்தின் எந்த இடத்தில் தூக்குவது என்பதை வாசலிலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். மற்ற எதுவும் இரண்டாவது பயணம் முடிந்தபின் வாங்கலாம்.

திரும்பி வந்ததும் சாமான்களை இறக்குவதற்கு முன் ஒரு டார்ச் விளக்கோடு உள்ளே போய், சமையல் தொட்டிக்கு அடியிலும், கழிப்பறைக்குப் பின்னாலும், பம்ப் இருக்கும் அறையிலும், சூடாக்கியின் பின்புறத்திலும் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத் துண்டால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அந்த நட்டைக் கையால் கால் சுற்று இறுக்கி, பம்ப்பை ஓட்டி, இன்னொரு காகிதத்தால் மறுபடி துடைத்துப் பாருங்கள்.